பிள்ளைகள் பனிக்கரடி பற்றித் தேடி எழுதும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமங்களில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்துவருகிறேன். ஆளுக்கொரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றித் தேடிப் படித்து, தன் கையாலேயே ஒரு சின்னப் புத்தகம் எழுதுவது. நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் அதிகம் ஆசைப்பட்டு எடுப்பது பனிக்கரடியைத்தான். பெற்றோர், ஆசிரியர்கள், சில சமயம் பிள்ளைகளே கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நீலகிரியில் இருந்துகொண்டு எதற்குப் பனிக்கரடி? நம் ஊர்க் கரடியைப் பற்றி எழுதினால் போதாதா?

முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

பனிக்கரடியைப் புரிந்துகொள்ள நம் மலைப் பிள்ளைகளுக்கு இருக்கிற வசதி கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது. இவர்களுக்குக் கரடி என்பது படத்தில் மட்டும் பார்த்த விலங்கு இல்லை. பொழுது சாய்ந்த பிறகு தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் தனியாக வராதே என்று பாட்டி அதட்டுவது கரடியை நினைத்துத்தான். கோயில் கதவை உடைத்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது, ரேஷன் கடைக்குள் புகுந்தது என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருக்கும். வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்துப் பிடித்து அடர்காட்டில் கொண்டுபோய் விடுவதும் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சில் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். கடல் எப்போது உறையும் என்று காத்திருக்கும் பனிக்கரடிகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்தக் கரையோரம் வந்து சேரும். ஊருக்குள் நுழைகிற கரடியைப் பிடித்து அடைத்துவைக்க அங்கே ஒரு பெரிய கொட்டகையே இருக்கிறது. கடல் உறைந்ததும் விட்டுவிடுவார்கள். சில கரடிகளை மயக்க ஊசி போட்டு ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய்த் தொலைவில் விடுவதும் உண்டு. ஊர்க் குப்பைமேட்டில் கரடிகள் மேய ஆரம்பித்ததால் 2005இல் அந்தக் குப்பைமேட்டையே மூடிவிட்டார்கள். கரடி துரத்தினால் யாராவது ஓடிவந்து ஏறிக்கொள்ளட்டும் என்று காரைப் பூட்டாமல் விடுவது அங்கே பழக்கம். அக்டோபர் 31 ராத்திரி பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள் அல்லவா, அன்றைக்குக் கரடி வராமல் பார்த்துக்கொள்ள ஊரைச் சுற்றி ரோந்து நடக்கும்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும். "அங்கயும் குப்பைக்குத்தான் வருதா மிஸ்?" என்பார்கள். "பிடிச்சு விட்டா திரும்பி வராதா?" என்பார்கள். அனுபவத்திலிருந்து வருகிற கேள்விகள் இவை. சர்ச்சிலில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, எங்கள் ஊரில் கரடி வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அதை எங்கேயும் அனுப்பக்கூட வேண்டாம். கட்டுரை என்றால் பேனாவை மூடிவைக்கும் பிள்ளைகூடப் பக்கம் பக்கமாக எழுதும்.

நம் கரடியை விட்டுவிடவும் வேண்டாம். புத்தகத்தின் இடது பக்கம் பனிக்கரடி, வலது பக்கம் நம் ஊர்த் தேன்கரடி என்று எழுதலாம். அது சீல் என்ற கடல்விலங்கின் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. இது கறையான், எறும்பு, பழம், தேன் என்று தேடித் தின்கிறது. கறையானை உறிஞ்ச வசதியாக இதற்கு மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்களே இல்லை. இது குட்டியை முதுகில் சுமந்துகொண்டு போகும். உலக அளவில் இரண்டுமே அழியும் வாய்ப்புள்ள இனங்கள் என்றுதான் பட்டியலில் இருக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டாம். கைப்பேசியிலிருந்தும் வேண்டாம். ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்து, "எனக்குத் தெரிந்தது", "எனக்குத் தெரிய வேண்டியது" என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பத்தி நிரம்பிய பிறகே தேடல். சும்மா "பனிக்கரடி" என்று தேடுகிற பிள்ளை, கிடைத்ததையெல்லாம் அப்படியே எடுத்து எழுதும். "பனிக்கரடிக் குட்டி பிறக்கும்போது எவ்வளவு பெரிசா இருக்கும்?" என்று தேடுகிற பிள்ளை, பதில் கிடைத்ததும் நின்று யோசிக்கும். பிறக்கும்போது குட்டியின் எடை சுமார் 600 கிராம்தான். வளர்ந்த ஆண் கரடி 350 முதல் 600 கிலோ வரை இருக்கும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படி என்ன பால் அது? பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அப்புறம் குகை, தாயின் பட்டினி என்று நூல் பிடித்தமாதிரி போகும். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் பனிக்குழிக்குள் குட்டி போடும் தாய், மார்ச், ஏப்ரலில்தான் வெளியே வரும். அத்தனை மாதமும் அது ஒன்றும் தின்பதில்லை.

எல்லாப் பனிக்கரடியும் குளிர்காலம் முழுக்கத் தூங்குமா?

இல்லை. குட்டி ஈனப்போகும் தாய் மட்டும்தான் குழி தோண்டிப் படுக்கும். மற்றவை குளிர்காலம் முழுக்க வேட்டையாடும். சொல்லப்போனால் கடல் உறைந்திருக்கும் அந்தக் காலம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டுக் காலம்.

பென்குயினைத் தின்னுமா?

இரண்டும் சந்தித்துக்கொள்ள வழியே இல்லை. பனிக்கரடி வடதுருவப் பகுதியில். பென்குயின்கள் தெற்கே. இரண்டையும் ஒரே படத்தில் போட்டிருக்கும் நோட்டு அட்டையைப் பார்த்தால் அதைத் தப்பு என்று சொல்லும் உரிமை உங்கள் பிள்ளைக்கு உண்டு.

இணையத்தில் தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கக்கூடிய முக்கியமான வேலை இதுதான் என்பது என் கருத்து. அதற்குப் பனிக்கரடியைப் போல் தோதான விலங்கு கிடைப்பது அரிது. அவ்வளவு கட்டுக்கதைகள் அதைச் சுற்றி உலவுகின்றன.

ஓர் உதாரணம். பனிக்கரடியின் உரோமம் ஒவ்வொன்றும் கண்ணாடி இழைபோல வெயிலைத் தோலுக்குக் கொண்டுபோகிறது, அதனால்தான் அதற்குக் குளிர்வதில்லை என்று இன்றைக்கும் பல இடங்களில் எழுதியிருக்கிறது. கேட்பதற்கு அழகாக இருப்பதால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள். டேனியல் கூன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அந்த உரோமத்தை எடுத்து ஒளியை விட்டுச் சோதித்துப் பார்த்தார். ஒளி கொஞ்ச தூரத்திலேயே உரோமத்துக்குள் மங்கி மறைந்துவிட்டது. 1998இல் அவர் முடிவை வெளியிட்ட பிறகும் பழைய கதை ஓடிக்கொண்டேயிருக்கிறது.

பனிக்கரடி எல்லாம் இடக்கைப் பழக்கம் உள்ளவை என்பதும், வேட்டையின்போது கறுப்பு மூக்கைக் கையால் மறைத்துக்கொள்ளும் என்பதும் இப்படித்தான். இவற்றுக்குச் சான்று கிடையாது. ஆனால் மூக்கு, தோல் இரண்டும் கறுப்பு என்பது உண்மை.

பிள்ளைகளிடம் நான் வைக்கும் விதி எளிது. ஒரு செய்தியை இரண்டு வெவ்வேறு இடத்தில் பார்த்தால்தான் புத்தகத்தில் ஏற்றலாம். அந்த இரண்டாவது இடம் முதலாவதைப் பார்த்துக் காப்பியடித்ததாக இருக்கக் கூடாது. ஒரே வாக்கியம் வார்த்தை மாறாமல் இரண்டு தளத்தில் இருந்தால் அது ஒரே இடம் என்றுதான் கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் சட்டெனப் பிடித்துக்கொள்கிறார்கள். போலீஸ் வேலைபோல ரசித்துச் செய்கிறார்கள். "யார் சொன்னது? அவங்க பார்த்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். வீட்டிலும் கேட்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் முழுக் கட்டுரையே வந்துவிடுகிறதே?

வருகிறது. அதைப் படித்துப் பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் அதில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் மேலே சொன்ன அதே விதி. வாக்கியங்கள் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

உலகத்தில் மொத்தம் எத்தனை பனிக்கரடி இருக்கிறது?

எல்லாப் பிள்ளையும் எழுத ஆசைப்படும் எண் இது. 2015இல் செய்த மதிப்பீட்டின்படி சுமார் 26,000. உறைந்த கடல்மேல் பரந்து திரியும் வெள்ளை விலங்கைத் தலை எண்ண முடியாது. அதனால் 22,000 முதல் 31,000 வரை இருக்கலாம் என்றுதான் அந்த மதிப்பீடே சொல்கிறது. பிள்ளை "26,000" என்று மட்டும் எழுதினால் பக்கத்தில் "சுமார்" போடச் சொல்லுங்கள். எந்த ஆண்டுக் கணக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா, ரஷ்யா, நார்வே, டென்மார்க்கின் கிரீன்லாந்து ஆகிய ஐந்து இடங்களிலும் வாழ்கின்றன. உலகப்படத்தில் வண்ணம் தீட்டவும் சொல்லலாம்.

உரோமம் உண்மையிலேயே வெள்ளையா?

நிறமே இல்லை. ஒவ்வொரு உரோமமும் உள்ளே குழாய்போல வெற்றாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். ஒளி பட்டுச் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிங்கப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த இனுக்கா என்ற கரடியும் அதன் தாயும் 2004இல் பச்சையாக மாறிவிட்டன. ஈரமான வெப்பநாடு அல்லவா, உரோமத்தின் குழாய்க்குள் பாசி பிடித்துவிட்டது. மருந்து போட்டுச் சரிசெய்தார்கள். வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி இனுக்காதான். 1990இல் பிறந்து 2018இல் இறந்தது. அந்தக் கரடியை அங்கே வைத்திருந்தது சரியா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விவாதிக்க விடுங்கள். இரண்டு பக்கமும் நன்றாகப் பேசுவார்கள்.

அந்தக் குளிரை இங்கே எப்படிப் புரியவைப்பது? ஊட்டிக் குளிரோடு ஒப்பிடலாமா?

தொடங்குவதற்கு அது போதும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து கருகிப்போனதைப் பற்றி அப்பா அம்மா புலம்பியதையும் கேட்டிருக்கிறார்கள். அது 0 டிகிரியைச் சுற்றிய குளிர். பனிக்கரடி நடமாடும் இடத்தில் குளிர்காலத்தில் மைனஸ் 30, 40 என்று இறங்கும். பள்ளியில் ஒரு வெப்பமானி இருந்தால் விடியற்காலையில் வெளியே வைத்து, குறித்துவரச் சொல்லுங்கள். தான் குறித்த எண்ணுக்குக் கீழே இன்னும் முப்பது கோடு எண்ணும்போது பிள்ளைக்கு விஷயம் உறைக்கும்.

இன்னொரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் டால்டாவை நிரப்பி, அதற்குள் இன்னொரு பையைச் செருகி, கையுறை மாதிரி ஆக்குங்கள். ஒரு கையை அதற்குள் விட்டு, மறு கையை வெறும் பைக்குள் விட்டு, இரண்டையும் ஐஸ் தண்ணீர் வாளியில் முக்கச் சொல்லுங்கள். வெறும் பையில் இருக்கும் கை சீக்கிரமே வெளியே வந்துவிடும். டால்டா கை அப்படியே இருக்கும். பனிக்கரடியின் தோலுக்குக் கீழே 10 செ.மீ. வரை கொழுப்பு இருக்கும் என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். ஸ்கேலை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து அளந்து பார்ப்பார்கள். நனைந்த உரோமம் தண்ணீருக்குள் அவ்வளவாகக் குளிர் தாங்காது, அங்கே காப்பாற்றுவது இந்தக் கொழுப்புதான். இந்தச் சோதனை நடந்த அன்று எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுதுவதே தனி. "சில்லுனு", "விறைச்சுப்போச்சு", "கை மரத்துப்போச்சு" என்று தங்கள் சொற்களே வந்து விழும்.

சார்ட் ஒட்டி, பிரின்ட் எடுத்த படம் வைத்தால் மார்க் கிடைத்துவிடும். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். பிரவுசிங் சென்டரில் கொடுத்து வாங்கிய நான்கு தாளும் மினுமினுப்பு பார்டரும் அந்தக் கடைக்காரரின் வேலை. பிள்ளை செய்தது எடுத்துக்கொண்டு வந்தது மட்டும்தான். பல அம்மாக்கள் ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து இதைச் செய்வதும் எனக்குத் தெரியும். தோட்ட வேலை முடித்துவிட்டு வந்து செய்கிறார்கள். அந்த உழைப்புக்காக எனக்கு மனசு கஷ்டப்படும். ஆனால் பிள்ளைக்கு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வித்தியாசம் எவ்வளவு என்று காட்டுகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முதலில் எழுதியது:

"பனிக்கரடி ஆர்க்டிக் பகுதியில் வாழ்கிறது. அது ஒரு ஊனுண்ணி. அது சீல்களை வேட்டையாடி உண்கிறது."

தப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். "சீல் தண்ணிக்குள்ள இருக்கு, கரடி பனிமேல நிக்குது. எப்படிம்மா பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன். அவள் யோசித்தாள். போய்ப் படித்துவிட்டு வந்து எழுதினாள்:

"சீல் மூச்சு விட மேல வரணும். அதுக்கு அது பனியில ஓட்டை போட்டு வச்சிருக்கும். நகத்தால சுரண்டிச் சுரண்டி அடைபடாம பாத்துக்கும். ஓட்டை எங்க இருக்குன்னு கரடிக்கு மோப்பத்துலயே தெரியும். பக்கத்துல ஆடாம அசையாம காத்துக்கிட்டு இருக்கும். ஆனா சீலுக்கு ஒரு ஓட்டை இல்ல, நிறைய ஓட்டை. வேற ஓட்டைக்குப் போயிட்டா கரடி பட்டினிதான்."

இதில் ஒரு விலங்கின் பிழைப்பே இருக்கிறது. இந்தப் பத்தியை எழுதியவளுக்கு, கடல்பனி இல்லாமல் போனால் கரடிக்கு என்ன ஆகும் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறதே, திருத்த வேண்டாமா?

முதல் வரைவில் சிவப்பு மையே வேண்டாம். படுகு பேசும் வீட்டுப் பிள்ளை, தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை, மலையாளம் கலந்து பேசும் வீட்டுப் பிள்ளை என்று நம் வகுப்பில் எல்லாரும் இருக்கிறார்கள். சொல்ல வந்தது முதலில் தாளுக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது வரைவில் "காத்துக்கிட்டு" என்பதைக் "காத்துக்கொண்டு" ஆக்குவது பத்து நிமிட வேலை. ற, ர, ல, ள, ழ திருத்தமும் அப்போதுதான். ஆனால் "கரடி பட்டினிதான்" என்ற மாதிரி வாக்கியத்தைத் தயவுசெய்து "கரடி உணவின்றித் தவிக்க நேரிடும்" என்று மாற்றிவிடாதீர்கள்.

படம் வரையலாமா?

தாராளமாக. இணையப் படத்தை ஒட்டுவதைவிட அது நல்லது. தாளில் வரைவதற்கு முன்னால் ஒரு தடவை பள்ளி மைதானத்தில் சாக்பீஸால் நிஜ அளவில் வரையச் சொல்லுங்கள். பெரிய ஆண் கரடி மூக்கிலிருந்து வால்வரை இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கும். பாதம் ஒன்று 30 செ.மீ. அகலம், அதாவது முழு ஸ்கேல். அந்தப் பாதத்துக்குள் எத்தனை பிள்ளைகளின் கால் அடங்குகிறது என்று நின்று பார்ப்பார்கள்.

பனி உருகுவது, கரடி அழிவது என்றெல்லாம் படித்தால் சின்னப் பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா?

பயப்படுகிற பிள்ளை உண்டு. அழுத பிள்ளையும் உண்டு. அதற்காக மறைக்கக் கூடாது என்பதே என் நிலை. எலும்பும் தோலுமாக இருக்கும் கரடியின் வீடியோவை எப்படியும் யாராவது கைப்பேசியில் காட்டிவிடுகிறார்கள். வெறும் பயத்தோடு விடுவதைவிட, என்ன நடக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுவது மேல்.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டு, நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து உருகவிடுங்கள். மட்டம் ஏறாது. மிதக்கும் கடல்பனி உருகுவதால் கடல்மட்டம் அப்படியொன்றும் உயர்வதில்லை; நிலத்தின்மேல் இருக்கும் பனி உருகி ஓடிவந்தால்தான் உயரும். இரண்டையும் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். பனிக்கரடிக்குக் கடல்பனி என்பது நின்று வேட்டையாடும் தரை. அது சீக்கிரம் உருகி, தாமதமாக உறைந்தால் கரை ஒதுங்கிப் பட்டினி கிடக்கும் நாள் கூடுகிறது. செயற்கைக்கோள் கணக்கு 1979இலிருந்து இருக்கிறது. அதில் 2012 செப்டம்பரில்தான் கடல்பனி மிகக் குறைவாக, சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. ஏறக்குறைய இந்தியாவின் பரப்பு. 1980களில் செப்டம்பரில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. சர்ச்சில் ஊரை ஒட்டிய மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980களில் சுமார் 1,200 ஆக இருந்த கரடிகள் 2016இல் 842, 2021இல் 618 என்று மதிப்பிடப்பட்டிருக்கின்றன. எல்லா இடத்திலும் இப்படிக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதோடு 1973ஐயும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பனிக்கரடிக்கு வந்த பெரிய ஆபத்து மனிதர்களின் வேட்டை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எலியும் பூனையுமாக இருந்த நேரம். அப்படியிருந்தும், கரடி வாழும் ஐந்து நாடுகளும் ஓஸ்லோவில் கூடி, அதைக் காப்பதற்கு ஒப்பந்தம் போட்டன. பல இடங்களில் கரடிகள் மறுபடி பெருகின. இதைக் கேட்ட பிறகு பிள்ளைகளின் கேள்வி மாறிவிடுகிறது. "அழிஞ்சிடுமா மிஸ்?" என்று கேட்டவர்கள், "இப்போ யார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்கிறார்கள். கரியமில வாயு, நிலக்கரி, வண்டிப்புகை என்று அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

நம் நாட்டுக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் போயிருக்கிறார்களா?

போய்க்கொண்டே இருக்கிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் நீ-ஆலசுண்ட் என்ற இடத்தில் 2008 முதல் இந்தியாவின் ஆய்வு நிலையம் இருக்கிறது. பெயர் ஹிமாத்ரி. கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. அது பனிக்கரடி நடமாடும் நாடு. குடியிருப்பை விட்டு வெளியே வேலைக்குப் போகிறவர்கள் கரடியை விரட்டும் ஏற்பாட்டோடுதான் போக வேண்டும். நம் ஊர்ப் பிள்ளை ஒன்று நாளைக்கு அங்கே போகலாம் என்பதை நான் வாயால் சொல்வதில்லை. ஹிமாத்ரியின் படத்தைக் காட்டினாலே போதும்.

ஆங்கிலம் தெரியாத பிள்ளை எப்படித் தேடும்?

தமிழ் விக்கிப்பீடியாவில் பனிக்கரடி பற்றிய கட்டுரை இருக்கிறது. கிளை நூலகத்தில் விலங்குகள் பற்றிய புத்தகங்களும் சிறுவர் அறிவியல் இதழ்களும் கிடைக்கும். மற்றபடி ஆங்கிலப் பக்கத்தில் படத்தையும் எண்ணையும் பார்த்து, கேள்விக்குரிய வரியைப் பெரிய வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பு அக்காவையும் நான்காம் வகுப்புத் தம்பியையும் ஜோடியாக உட்கார வைத்தால் இது சுலபமாக நடக்கும். நாமே முழுக்க மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டால் தேடும் வேலை போய்விடும்.

எப்போது ஆரம்பிக்கலாம்? என்னென்ன வேண்டும்?

டிசம்பரில் ஆரம்பியுங்கள். உறைபனிக் காலமாக இருப்பதால் வெப்பமானி வேலைக்குத் தோது. அரையாண்டு விடுமுறையில் படிப்பது, ஜனவரியில் முதல் வரைவு, பொங்கலுக்கு அப்புறம் இரண்டாவது வரைவும் படங்களும் என்று வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 27 உலகப் பனிக்கரடி நாள். அன்று பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைப் பெற்றோர் முன்னால் வாசிக்கட்டும். மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள், இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும்.

வேண்டியவை: கோடு போடாத வெள்ளைத்தாள், தைக்க ஊசி நூல், வெப்பமானி, டால்டா அரைக்கிலோ, ஐஸ் கட்டி, சாக்பீஸ், ஓர் உலகப்படம். அட்டைக்குப் பழைய காலண்டர் போதும்.